வண்டிக் காசு

நீலாம்பாள் தான் சாகுபடி செய்த வயலை ஒருநாளும் தன் வயல் என்று சொன்னதில்லை. குடமுருட்டி ஆற்றுக்குத் தெற்கே சோமன்கட்டளையில் குத்தகைக்காரர்கள் யாருமே அப்படிச் சொல்வதில்லை. "ஐயா வயலுக்குப் போறேன்", "ஐயா வயல்ல களை மண்டிக் கிடக்கு" என்றுதான் பேச்சு. விதை இவர்களுடையது, ஏர்க்கூலி இவர்கள் கொடுப்பது, வெள்ளம் வந்தால் நஷ்டம் இவர்கள் தலையில். ஆனாலும் வாயைத் திறந்தால் ஐயா வயல்தான். ஐயா என்பது குஞ்சிதபாதம். நில உச்சவரம்பு வந்த பிறகு மனைவி பேரிலும் மச்சான் பேரிலும் எழுதி வைத்தது போக, அவர் பேரில் மட்டும் இரண்டு வேலிக்கு மேல், அதாவது பதின்மூன்று ஏக்கருக்கு மேல் இருந்தது. அவர் காதில் விழ வேண்டும் என்று யாரும் அப்படிப் பேசவில்லை. அவர் வடக்கே காசிக்குப் போயிருந்தபோதுகூட அப்படித்தான் பேசினார்கள். மரியாதை என்பார்கள். அந்த மரியாதைக்கு என்ன விலை என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் வருஷம் வரை அந்த ஊரில் யாரும் யோசிக்கவில்லை.

நீலாம்பாள் ஒரத்தநாட்டுப் பக்கத்தில் பிறந்தவள். பதினேழு வயதில் ரெத்தினத்துக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தாள். ரெத்தினத்தின் அப்பா காலத்திலிருந்தே ஐயாவின் ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர் வயல், அவர்கள் குத்தகையில் இருந்தது. ரெத்தினம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது மகள் அம்சத்துக்குப் பதினோரு வயது. இனி இவள் எங்கே சாகுபடி பண்ணப் போகிறாள், நிலத்தை விட்டுவிடுவாள் என்று ஊர் நினைத்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவள் ஐயா வீட்டு வாசலில் போய் நின்றாள். ஐயா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. "செய்யேன், யாரு வேணாங்கறா" என்றார். ரொம்பப் பெரிய மனசு என்று ஊரே மெச்சியது.

அதற்குப் பிறகு அவள் செய்த வேலையை ஓர் ஆண்பிள்ளை செய்திருந்தால் கொண்டாடியிருப்பார்கள். ஏர் பிடிக்க மட்டும் ஆள் வைத்தாள். வரப்பு வெட்டினாள், நாற்று விட்டாள், மடையில் மண்வெட்டியோடு நின்று தன் முறைத் தண்ணீரைச் சொட்டு குறையாமல் வாங்கினாள். மேலண்டை வயல்காரன் ஒருமுறை அவள் முறையில் மடையைத் திருப்பிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்டவள் ஐயா வீட்டு வாசலில் மட்டும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பூனையாகிவிடுவாள். வருஷா வருஷம் குத்தகை நெல் முப்பது கலத்தையும் களத்திலேயே அளந்துவிடுவாள். ரசீது கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. கேட்டால் ஐயாவை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம். உயர்நிலைப் பள்ளி ஏழு மைல். வாய்க்கால் கரையோடு நடந்துபோய்ப் படித்த பையன்கள் உண்டு, பெண்பிள்ளை ஒன்றுகூடப் போனதில்லை. அம்சம் ஒன்பதாம் வகுப்புக்குப் போனது மீரா சாகிப்பின் வண்டியால்தான். சிங்கப்பூரில் இருந்த அண்ணன் அனுப்பிய பணத்தில் அவர் ஒரு பழைய வேன் வாங்கியிருந்தார். சுற்றியிருந்த ஐந்து ஊர்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போக அதைப் பள்ளிக் குழு வாடகைக்கு எடுத்தது. பள்ளிக் குழுவின் தலைவர் குஞ்சிதபாதம். குழுவின் எழுத்து வேலையைப் பார்த்தவர் பஞ்சநதம், அவரே ஐயாவின் நிலத்துக்கும் கணக்குப்பிள்ளை.

முதல் வருஷம் எல்லாருக்கும் இலவசம். எழுபத்தொன்று ஜூன் மாதம் தண்டோரா போட்டார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வழக்கம்போல் இலவசம், ஒன்பது, பத்து, பதினொன்று படிக்கிற பெரிய பிள்ளைகள் மட்டும் வண்டிக்காக மாதம் ஐந்து ரூபாய் நன்கொடை தர வேண்டும். கட்டாயமாகப் பிடுங்குகிற காசுக்கு நன்கொடை என்று பேர் வைப்பதில் நம்மவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் ஏற்பாடு நியாயமாகத்தான் பட்டது. சிறுசுகளால் ஏழு மைல் நடக்க முடியாது, பெரியவர்களால் முடியும், முடிகிறவர்கள் உட்கார்ந்து போக ஆசைப்பட்டால் காசு கொடுக்கட்டும் என்றார்கள். டீசல் விற்கிற விலைக்கு அதுவும் சரிதான் என்று ஊர் தலையாட்டியது.

நீலாம்பாளும் தலையாட்டினாள். ஐந்து ரூபாயைப் புடவை முந்தியில் முடிந்துகொண்டு, அம்சத்தையும் கூட்டிக்கொண்டு பஞ்சநதத்தைப் பார்க்கப் போனாள். அவள் கையில் காசு இருந்தது, கொடுக்கத்தான் போனாள். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"என்ன நீலாம்பா, காசா? உன்கிட்ட யாரு கேட்டா?" என்றார் பஞ்சநதம்.

"பெரிய கிளாசுப் பிள்ளைங்க கட்டணும்னு தண்டோரா போட்டாங்களே ஐயா."

"போட்டோம். இல்லாதப்பட்டவங்களுக்கு விலக்கும் வச்சிருக்கோம். புருஷன் இல்லாதவகிட்ட வாங்கப்படாதுன்னு ஐயாவே சொல்லியிருக்காரு. காசை முடிஞ்சு வச்சுக்க. ஒரே ஒரு தாள் எழுதணும், அவ்வளவுதான். அம்சம், நீதான் முத்து முத்தா எழுதுவியே, வா இப்படி."

அச்சடித்த தாள். அம்சம் தரையில் உட்கார்ந்து, பெயர், ஊர், வகுப்பு என்று நிரப்பிக்கொண்டே வந்தாள். பெற்றோர் தொழில் என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீலாம்பா, என்ன வேலை செய்யறே?" என்று பஞ்சநதம் கேட்டார், தெரியாதவர் மாதிரி.

நீலாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. "என்னங்க இப்படிக் கேக்குறீங்க. ஐயா வயல்ல வேலை செய்யுறேன்."

"கேட்டுக்கிட்டியா பாப்பா? அம்மா சொன்னபடியே எழுது. ஐயா வயல்னு மொட்டையா எழுதப்படாது. குஞ்சிதபாதம் அவர்கள் பண்ணையில் கூலி வேலை, அப்படி எழுது."

அம்சத்தின் பேனா நின்றது. "அம்மா, நம்ம குத்தகைக்குல்ல…" என்று ஆரம்பித்தாள்.

"பெரியவங்க சொல்றதை எழுதுடி" என்று நீலாம்பாள் அவள் தோளில் தட்டினாள். ஐயாவின் ஆள் எதிரில் குத்தகை, பாத்தியம் என்றெல்லாம் பிள்ளை வாயாடுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அம்சம் எழுதினாள். அதற்குக் கீழே, சொந்தமாகவோ குத்தகையாகவோ எனக்கு நிலம் ஏதும் இல்லை என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. அதன் அடியில் நீலாம்பாள் இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். மிச்சமான ஐந்து ரூபாயில் மகளுக்குத் தாவணித் துணி எடுத்தாள். ஐயா நல்லா இருக்கணும் என்று வாயார வாழ்த்திக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

ஆவணியில் இன்னொரு தண்டோரா வந்தது, இது சர்க்கார் தண்டோரா. புதுச் சட்டப்படி குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்தவரை நிலத்துக்காரர் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. கறுப்பு சிவப்புக் கொடிக்காரர்கள் எங்கள் ஆட்சி செய்தது என்றார்கள். செங்கொடிக்காரர்கள் நாங்கள் போராடி வாங்கியது என்றார்கள். சோமன்கட்டளையில் இரண்டு பேச்சுமே குசுகுசுவென்றுதான் நடந்தது. கிழக்கே கூலித் தகராறில் குடிசைகள் எரிந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. சாயங்காலமானால் ஆண்கள் தனியாக வயல் பக்கம் போவதில்லை. பக்கத்து ஊரில் இரண்டு குத்தகைக்காரர்களின் நடவை ஒரே பகலில் மாடு விட்டு அழித்திருந்தார்கள். யார் மாடு என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

தன்னையும் இப்படி விரட்டிவிடுவார்களோ என்ற பயம்தான் நீலாம்பாளை அசைத்தது. தெரு முனையில் குடியிருந்த காத்தான் பண்ணையில் கூலி வேலை செய்கிறவன், செங்கொடிச் சங்கத்தில் இருந்தான். "பதிஞ்சுடுங்கக்கா. பதிஞ்சுட்டா அப்புறம் ஆண்டவனே வந்தாலும் உங்களை எழுப்ப முடியாது" என்றான். இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்துவிட்டு அவனோடு போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தாள். வாழ்க்கையில் ஐயாவுக்குத் தெரியாமல் அவள் செய்த ஒரே காரியம் அது. தெரியாமல் என்று அவள்தான் நினைத்துக்கொண்டாள். மறுநாள் களத்துமேட்டில் எதிர்ப்பட்ட பஞ்சநதம் எப்போதும்போலச் சிரித்தார். அவர் சண்டைக்கு வந்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் சாயங்காலம், மகளை அழைத்துவர மதகடியில் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றாள். வண்டி வந்தது. பிள்ளைகள் இறங்கி ஓடிய பிறகும் மீரா சாகிப் வண்டியை எடுக்கவில்லை. அம்சத்தை முன்னால் போகச் சொல்லிவிட்டு நீலாம்பாளைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உங்க பொண்ணுக்கு வண்டிக் காசு விலக்குதானே?"

"ஆமா பாய். ஐயா பண்ணின உதவி."

"கூலிக்காரங்க பிள்ளைங்களுக்கு விலக்குன்னு எங்கிட்ட சொன்னாங்க. ஆனா காத்தான் மவன் மாசம் அஞ்சு ரூவா கட்டிட்டுத்தான் ஏறுறான். காத்தான விடக் கூலிக்காரன் இந்த ஊர்ல யாரு? காசு கட்டாம வர்ற பெரிய பிள்ளைங்க ஆறு பேரு. ஆறு பேரும் அந்த ஐயாவோட குத்தகைக்காரங்க வூட்டுப் பிள்ளைங்க." அவர் தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வண்டி ஓட்டுறவனுக்கு எதுக்கு வம்பு. ஆனா எனக்கும் பொம்பளப் பிள்ளைங்க இருக்கு. மனசு கேக்கல, சொல்லிட்டேன். நான் சொன்னதா வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் நீலாம்பாள் மகளை உட்கார வைத்து, அந்தத் தாளில் என்ன எழுதினாய் என்று கேட்டாள். அம்சத்துக்கு மனப்பாடமாகவே இருந்தது. நாலு மாதமாக அது அவள் நெஞ்சில் கிடந்து உறுத்தியிருக்கிறது. நிலம் ஏதும் இல்லை என்ற வரிக்கு வந்தபோது நீலாம்பாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீதானேம்மா எழுதச் சொன்ன" என்றாள் அம்சம். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

விடிந்ததும் நீலாம்பாள் வெண்கலக் குடத்தை அடகு வைத்து, ஐந்து மாதத்துக்கு இருபத்தைந்து ரூபாயை எடுத்துக்கொண்டு பஞ்சநதத்திடம் ஓடினாள். காசை வைத்துக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். பஞ்சநதம் வெற்றிலையை மென்றபடியே காசைப் பார்த்தார், கை நீட்டவில்லை.

"எழுதிக் குடுத்தது குடுத்ததுதான் நீலாம்பா. இப்ப காசு வாங்கினேன்னு வையி, அப்ப எழுதினது பொய்யின்னு ஆயிடும். பொய் சொல்லிச் சலுகை வாங்கின பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல வச்சிருப்பாங்களா? சீட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துடுவாங்க. வேற எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேத்துக்க மாட்டாங்க. அதுவும் யாரு எழுத்து? அம்சம் எழுத்து. நான் வேணாம்னுதான் பாக்குறேன்."

அவர் குரலில் கோபமே இல்லை, உறவுக்காரர் புத்தி சொல்வதுபோல் இருந்தது. திட்டமிட்டே அந்தத் தாளை அச்சடித்தார்களா, இல்லை பிறகுதான் அதன் உபயோகம் புரிந்ததா என்று ஊரில் இன்றைக்கும் வாதம் உண்டு. ஆறு விலக்கும் ஆறு குத்தகைக்காரர்களுக்கே போய்ச் சேர்ந்த பிறகு அதில் வாதம் பண்ண என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

மற்ற ஐந்து வீட்டிலும் போய் நீலாம்பாள் விஷயத்தைச் சொன்னாள். நாங்கள் மனுவே கொடுக்கவில்லையே, எங்களுக்கு எதற்கு வம்பு என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். தையில் அறுவடை நடந்தது. முப்பது கலத்தையும் அவள் வழக்கம்போல் அளந்தாள். கூட ஒரு மரக்காலும் போட்டாள். அவளுக்கே காரணம் தெரியாது, பயம் அப்படிச் செய்ய வைத்தது. அன்றைக்கு ஐயாவே களத்துக்கு வந்திருந்தார். குடை நிழலில் நின்றபடி, "பொண்ணு நல்லாப் படிக்குதா? கையெழுத்து ரொம்ப அழகா இருக்குன்னு பஞ்சநதம் சொன்னான். நானும் பாத்தேன்" என்றார்.

மாசி மாதம் விசாரணை. தாசில்தார் ஒருவர் ஊராட்சி அலுவலகத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஐயா ஒரு பக்கம் நாற்காலியில் இருந்தார், பஞ்சநதம் பின்னால் நின்றார், ஐயாவின் வக்கீல் ஒருவர் பாபநாசத்திலிருந்து வந்திருந்தார். நீலாம்பாளுக்குச் சாட்சி சொல்லக் காத்தான் மட்டும் நின்றான். ரசீது இருக்கிறதா என்று தாசில்தார் கேட்டார், இல்லை என்றாள். வக்கீல் எழுந்து அந்தத் தாளை மேஜையில் வைத்தார். ஏதோ வாடகை ரசீதை நீட்டுவதுபோல் அலட்சியமாகத்தான் வைத்தார்.

தாசில்தார் இரண்டு தடவை படித்தார். அவர் கெட்ட மனிதரில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகவே பேசினார்.

"அம்மா, இதுல இருக்கிற கைநாட்டு உங்களுடையதா?"

"ஆமாங்க."

"நிலமே இல்லைன்னு இதுல இருக்கு. ஆறு மா குத்தகைன்னு மனுவுல இருக்கு. ரெண்டுல ஒண்ணுதானே உண்மையா இருக்க முடியும்? இந்தத் தாள் பொய்யின்னு எழுதிக் குடுத்தீங்கன்னா நான் நேர்ல வந்து வயலைப் பாத்து, அக்கம்பக்கம் விசாரிக்கிறேன். ஆனா பொய்யா எழுதிச் சலுகை வாங்கியிருக்காங்கன்னு பள்ளிக்கூடத்துக்கும் நான் தெரியப்படுத்தணும். அவங்க என்ன செய்வாங்கங்கறது என் கையில இல்லை. யோசிச்சுச் சொல்லுங்க. இது யாரு எழுதினது?"

நீலாம்பாள் யோசித்தாள். ரெத்தினமும் அவன் அப்பாவும் உழுத ஆறு மா. வருஷத்துக்கு முப்பது கலம் கொடுத்தது போக வீட்டுக்கு வந்த முப்பது கலம். அது இல்லாவிட்டால் நாளைக்கு அடுப்பு எரிய வேண்டுமானால் யார் வீட்டு வாசலிலாவது கூலிக்கு நிற்க வேண்டும். இன்னொரு பக்கம், புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு காலையில் வண்டி ஏறிப் போன பெண். பொய் எழுதியவள் என்று பேர் எடுத்துத் திரும்பி வந்தால் அவளும் அதே வாசலில்தான் நிற்பாள். காத்தான் பின்னாலிருந்து, "சொல்லுங்கக்கா, பயப்படாதீங்க" என்றான். ஐயா சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு எழுதினதா இருந்தா என்னங்க, நான் சொல்லித்தான் எழுதினது" என்றாள் நீலாம்பாள். "அதுல இருக்கிறபடியே இருக்கட்டும்."

"உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

"இல்லைங்க."

"அப்ப நீங்க கூலியா?"

"ஐயா வயல்ல வேலை செய்யுறேங்க" என்றாள்.

மனுவைத் தள்ளிவிட்டார்கள். வெளியே வந்த காத்தான் அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான். அவனுக்கு ஆத்திரம். சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கிய அம்சத்துக்கு ஊர்வாய் மூலமே விஷயம் தெரிந்துவிட்டது. "நான் பள்ளிக்கூடத்தையே விட்டிருப்பேனேம்மா, என்னைக் கேட்டியா" என்று கத்தினாள். நீலாம்பாள் அவளை அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு அந்தக் கையாலேயே அவளைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டாள். "எனக்காகவாவது போடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்றைக்கு இரண்டு பேரும் அழுதது தெரு முழுக்கக் கேட்டது. பங்குனிக்குள் ஐயாவின் ஆட்கள் வந்து வரப்பை வெட்டிச் சரித்து, ஆறு மாவையும் பக்கத்துப் பண்ணை நிலத்தோடு சேர்த்துக்கொண்டார்கள்.

ஜூனில் ஆற்றில் தண்ணீர் வந்தது. குறுவை நடவுக்கு ஆள் கூப்பிட்டபோது நீலாம்பாளும் போனாள். வேறு வேலை கிடையாது. ஐந்தாவது நாள் அந்த ஆறு மாவிலேயே நடவு. எங்கே உளை ஆழம், எங்கே மண் இறுகும் என்று அவள் காலுக்குத் தெரியும். மற்ற பெண்கள் அவளிடம் பேச்சுக் கொடுக்காமல் குனிந்து நட்டார்கள். காலையில் கரைமேல் மீரா சாகிப்பின் வண்டி போனது. பதினொன்றாம் வகுப்புக்குப் போகிற அம்சம் வயல் இல்லாத பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் பஞ்சநதம் வரப்பில் வந்து நின்று ஒவ்வொருத்திக்கும் ஐந்து நாள் கூலியைக் கொடுத்தார். நீலாம்பாள் முறை வந்தபோது அவள் உள்ளங்கையில் ஐந்து ரூபாய் மட்டும் விழுந்தது. நாளுக்கு இரண்டு ரூபாய் வீதம் பத்து ரூபாய் வர வேண்டும்.

"பாக்கி அஞ்சு, பொண்ணு வண்டிக் காசு. பிடிச்சுக்கிட்டேன்" என்றார் பஞ்சநதம்.

"எங்களுக்கு விலக்கு இருக்குல்லங்க?"

"அது போன வருஷம். கமிட்டில எடுத்துட்டாங்க. பெரிய பிள்ளைங்கன்னா இனிமே எல்லாரும் கட்டணும்."

நீலாம்பாள் சேற்றுக் கையோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "போன வருஷம் எனக்குக் குத்தகை இருந்துச்சு, கூலின்னு எழுதிக்கிட்டு விலக்குக் குடுத்தீங்க. இப்ப நெசமாவே கூலிதானேங்க நான்."

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சநதம் கொஞ்சமும் முகம் மாறவில்லை.

"அப்ப ஒரு தாள் எழுதிக் குடு, பாக்கலாம்" என்றார்.

"தாள் வேணாங்க" என்றாள் நீலாம்பாள். "மாசா மாசம் காசையே பிடிச்சுக்குங்க."

ஐந்து ரூபாயை முந்தியில் முடிந்துகொண்டு வயலில் இறங்கி, அடுத்த நாற்று முடியை எடுத்து அவிழ்த்தாள்.